செல்லுக்குள்ள எது என்ன வேலை பாக்குது? காட்பாடி டியூஷன்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

பிளஸ் ஒன் பயாலஜி படிக்கிற பசங்க, அவங்கள வண்டில கொண்டாந்து விடுற அம்மா அப்பா, ரெண்டு பேருமே வருஷா வருஷம் கேக்குற கேள்விங்கள ஒரே எடத்துல எழுதி வெக்கிறேன். இந்த பாடம் எனக்கு ரொம்ப புடிக்கும், அதனால சில எடத்துல நீளமா போகும், நாளைக்கே பரீட்சைன்னா "எங்க தப்பு பண்றாங்க"ன்னு கீழ இருக்கற கேள்விக்கு நேரா போயிடுங்க.

செல்லு எவ்ளோ சின்னது மிஸ்? கண்ணுக்கு தெரியவே தெரியாதா?

பெரும்பாலும் தெரியாது. ரத்தத்துல இருக்கற ஒரு சிவப்பணு 7ல இருந்து 8 மைக்ரான் அகலம், 1000 மைக்ரான் சேந்தா தான் ஒரு மில்லிமீட்டர், அதனால ஸ்கேல்ல ஒரு மில்லிமீட்டர் கோடு நிரப்பணும்னா 130 சிவப்பணு வரிசையா நிக்கணும். ஆனா எல்லா செல்லும் அப்படி இல்ல, பொம்பளைங்களோட கருமுட்டை கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர், நல்ல கண்ணு இருந்தா ஒரு புள்ளி மாதிரி தெரியும், முதுகுத்தண்டுல கீழ் பக்கத்துல இருந்து கால் விரல் வரைக்கும் போற நரம்பு செல்லோட நார் ஒரு மீட்டர் கூட இருக்கும்.

மொதல்ல பாத்தது ராபர்ட் ஹூக், 1665ல, தக்கைய மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்ல வெச்சாரு, அவரு பாத்தது செத்துப்போன செல்லோட சுவர மட்டும் தான், உள்ள ஒண்ணும் இல்ல. உயிரோட ஓடுற ஒத்தை செல் உயிரிங்கள பாத்தவரு லீவன்ஹாக், அதுக்கு பத்து வருஷம் கழிச்சு. நியூக்ளியஸ்க்கு பேரு வெச்சது ராபர்ட் பிரௌன், 1831. செடி முழுக்க செல்லால ஆனதுன்னு ஷ்லெய்டன் 1838ல சொன்னத, விலங்குக்கும் அதே தான்னு ஷ்வான் 1839ல சொன்னாரு. ஒரு செல்லு இன்னொரு செல்லுல இருந்து தான் வர முடியும்னு 1855ல விர்ஷோ அடிச்சு சொன்னாரு. இந்த வருஷங்கள ஒரு தடவ எழுதி பாத்தா போதும், மேல போலாம்.

இத்தன பார்ட்ஸ் பேரையும் எப்படி மனப்பாடம் பண்றது? ரெண்டு நாள்ல மறந்து போவுது.

தனித்தனியா பண்ணா மறக்கத்தான் செய்யும். டயகிராம்ல கோடு போட்டு பேரு எழுதறோம், எதிர்ல ஒரு வரி வேலை எழுதறோம், ஆனா இதுக்கு அப்புறம் எது, இது நின்னு போச்சுன்னா அடுத்தது என்ன ஆவும்னு யாரும் கேக்கறதில்ல. நான் எப்பவும் ஒரே ஒரு புரோட்டீன புடிச்சுக்க சொல்லுவேன், அது எங்க பொறக்குது, எந்த வழியா போவுது, எங்க வெளிய வருதுன்னு கூடவே போனா பாதி பார்ட்ஸ் தானா வரிசைல நிக்கும்.

நான் எடுத்துக்கறது ஃபாக்டர் 8. அடிபட்டா ரத்தம் உறையறதுக்கு வேணும்கிற புரோட்டீன், இது இல்லன்னா ஹீமோபிலியா ஏ, சின்ன அடிக்கே ரத்தம் நிக்காது, முட்டி முழங்கை மூட்டுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சு வீங்கிடும். இத ஏன் எடுத்துக்கறேன்னா இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு பெரிய வேலை நடந்திருக்கு, கீழ வரும்.

நியூக்ளியஸ் தான் எல்லாத்துக்கும் மேலயா?

ரொம்ப முக்கியம், சந்தேகமே இல்ல. மனுஷனோட ஒரு செல்லுல இருக்கற டிஎன்ஏவ நீட்டி வெச்சா சுமார் 2 மீட்டர் வரும், 46 குரோமோசோமா சுருட்டி, சில மைக்ரான் அகலமே இருக்கற நியூக்ளியஸ்குள்ள அடங்கி இருக்கு. சுத்தி ரெண்டு அடுக்கு சவ்வு, அந்த சவ்வுல நிறைய துளைங்க. டிஎன்ஏ அந்த துளை வழியா வெளிய வரவே வராது, அதோட நகலா ஆர்என்ஏ மட்டும் தான் வரும்.

ஃபாக்டர் 8 ஜீன், அதாவது அந்த புரோட்டீன எப்படி செய்யணும்னு டிஎன்ஏல எழுதியிருக்கற பகுதி, எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, கிட்டத்தட்ட 1,86,000 எழுத்து நீளம். முழுசா நகல் எடுத்த அப்புறம் வேண்டாத பகுதிங்கள எல்லாம் நியூக்ளியஸ் உள்ளயே வெட்டி எடுத்துட்டு மிச்சத்த ஒட்டி வெளிய அனுப்புது, வெளிய வர்றது சுமார் 9,000 எழுத்து தான். கடுமையான ஹீமோபிலியா ஏ இருக்கறவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு இந்த ஜீனோட ஒரு துண்டு தலைகீழா திரும்பி இருக்கும், அதனால நகலே ஒழுங்கா வராது.

ஆனா நியூக்ளியஸ் இல்லாமலும் செல்லு வேலை செய்யும், அதுக்கு சிவப்பணுவே சாட்சி. எலும்பு மஜ்ஜைல உருவாகறப்ப நியூக்ளியஸ வெளிய தள்ளிட்டு ரத்தத்துக்கு வருது, 120 நாள் வரைக்கும் ஓடுது. ஆனா புதுசா ஒரு புரோட்டீன் கூட செய்ய முடியாது, ரிப்பேர் பண்ணிக்க முடியாது, ரெண்டா பிரிய முடியாது. அதான் அதுக்கு ஒரு எல்லை நாள் இருக்கு.

நியூக்ளியோலஸ்னு ஒண்ணு இருக்கே, அது இன்னா?

நியூக்ளியஸ் உள்ள அடர்த்தியா தெரியற புள்ளி. ரைபோசோம் செய்ய வேணும்கிற ஆர்என்ஏவ அங்க தான் செய்யறாங்க. அவ்ளோ தான்.

ரைபோசோம் டயகிராம்ல வெறும் புள்ளி தானே, அதுக்கு ஏன் இவ்ளோ நேரம் எடுக்கறீங்க?

ஏன்னா அந்த புள்ளில தான் எழுத்து புரோட்டீனா மாறுது! ஆர்என்ஏல மூணு மூணு எழுத்தா படிச்சு, ஒவ்வொரு மூணுக்கும் ஒரு அமினோ அமிலம் கோக்குது. ஃபாக்டர் 8க்கு 2,351 அமினோ அமிலம், ஒண்ணு மாறி போனாலும் சில சமயம் நோய் வந்துடும். அளவு 20ல இருந்து 30 நானோமீட்டர், சவ்வு கிடையாது, பெருசு ஒண்ணு சின்னது ஒண்ணுன்னு ரெண்டு துண்டு சேந்தது.

இதோட அமைப்ப அணு அணுவா காட்டுனதுக்கு தான் 2009ல கெமிஸ்ட்ரி நோபல், வாங்கின மூணு பேர்ல வெங்கி ராமகிருஷ்ணன் நம்ம சிதம்பரத்துல பொறந்தவரு, மத்தவங்க தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத்.

இப்ப நம்ம ஊர் விஷயம். மழை முடிஞ்சு புல்லு பொதர் மண்டுற சீசன்ல வேலூர் பக்கம் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரும் பாருங்க, சின்ன பூச்சி கடிச்சு உடம்புல சிகரெட் சுட்ட மாதிரி கருப்பா ஒரு தழும்பு வருமே அது. அத உண்டாக்கற பாக்டீரியா நம்ம செல்லுக்குள்ளயே பூந்து வாழும். அதுக்கு குடுக்கற டாக்சிசைக்ளின் பாக்டீரியா ரைபோசோமோட சின்ன துண்டுல போய் உக்காருது, அசித்ரோமைசின் பெரிய துண்டுல உக்காருது. கடுமையான ஸ்க்ரப் டைபஸ்க்கு ஒண்ண மட்டும் குடுக்கறத விட ரெண்டையும் சேத்து குடுத்தா நல்லதுன்னு நம்ம வேலூர் சிஎம்சி டாக்டருங்க முன்ன நின்னு, இந்தியால பல ஆஸ்பத்திரில சேந்து பண்ண ஆராய்ச்சி 2023ல வெளிய வந்துச்சு. பாக்டீரியா ரைபோசோம் 70எஸ் (எஸ்ங்கறது அளவ குறிக்கற ஒரு அலகு), நம்ம செல்லுக்குள்ள நிரம்பி இருக்கற சைட்டோபிளாசத்துல இருக்கறது 80எஸ், இந்த வித்தியாசம் இருக்கறதால தான் மருந்து அத அடிக்குது, நம்மள பெருசா தொடறதில்ல. 70எஸ் 80எஸ்னு ஒரு மார்க்குக்கு படிக்கறோமே, அது உயிர காப்பாத்தற வித்தியாசம்.

எண்டோபிளாச வலைப்பின்னலும் கோல்கியும் எனக்கு எப்பவும் கொழப்பம். ரெண்டும் ஒண்ணு தானே?

இல்ல, ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு. ஃபாக்டர் 8 கூடவே வாங்க.

ரைபோசோம்ல புரோட்டீன் கோக்க ஆரம்பிச்ச உடனே மொதல் 19 அமினோ அமிலம் வெளிய நீட்டும், அது ஒரு அடையாளம், இந்த புரோட்டீன் செல்லுக்கு வெளிய போக வேண்டியதுன்னு. அத பாத்த உடனே அந்த ரைபோசோமையே இழுத்துட்டு போய் வலைப்பின்னல் சவ்வு மேல ஒட்ட வெக்கிறாங்க, அதனால தான் அந்த பகுதி மைக்ராஸ்கோப்ல சொரசொரன்னு தெரியுது. இந்த அடையாள விஷயத்த கண்டுபிடிச்சதுக்கு குந்தர் புளோபலுக்கு 1999ல நோபல் குடுத்தாங்க. அப்புறம் புரோட்டீன் கோக்க கோக்க அப்படியே வலைப்பின்னலுக்கு உள்ள எறங்குது, உள்ள மடிப்பு சரியா விழணும், சக்கரை சங்கிலிங்க ஒட்டணும், சரியா மடியலன்னா வெளிய விடவே மாட்டாங்க, திருப்பி இழுத்து ஒடச்சு போட்டுடுவாங்க.

தேறினது சின்ன சின்ன சவ்வு பைல ஏறி கோல்கிக்கு போவுது. கோல்கி தட்டையான பைங்க அடுக்கா இருக்கும், ஒரு பக்கம் உள்ள வந்து இன்னொரு பக்கம் வெளிய போவும், போற வழில சக்கரைங்கள திருத்துவாங்க, புரோட்டீன எடத்துக்கு எடம் வெட்டுவாங்க, கடைசில எது வெளிய போவணும், எது செரிக்கற பையான லைசோசோமுக்கு போவணும்னு பிரிப்பாங்க. கமிலோ கோல்கி 1898ல ஆந்தையோட நரம்பு செல்லுல பாத்தாரு, ரொம்ப வருஷம் பல பேரு அப்படி ஒண்ணு இல்லவே இல்ல, சாயத்தால வந்த கோளாறுன்னு சொல்லிட்டு இருந்தாங்க, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த அப்புறம் தான் சண்டை அடங்குச்சு.

ரெண்டும் வேற வேறன்னு மனசுல பதியணும்னா இத பாருங்க. சில குடும்பங்கள்ல ஃபாக்டர் 5, ஃபாக்டர் 8 ரெண்டும் சேந்தே கொறைவா இருக்கும். ரெண்டு ஜீனும் நல்லா இருக்கும், ரைபோசோமும் நல்லா தான் கோக்கும். கோளாறு எங்கன்னா வலைப்பின்னல்ல இருந்து கோல்கிக்கு ஏத்தி விடற எடத்துல, எல்மேன்1 இல்லன்னா எம்சிஎஃப்டி2ங்கற ஜீன் கெட்டு போயிருக்கும், அது தான் இந்த ரெண்டு புரோட்டீனையும் கையோட புடிச்சு பைல ஏத்தறது. அப்பா கிட்ட ஒண்ணு அம்மா கிட்ட ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் கெட்ட ஜீன் வந்தா தான் நோய் வரும், அதனால மாமன் மக அத்தை மகன்னு சொந்தத்துல கட்டிக்கற ஊருங்கள்ல தான் அதிகம் பாப்பாங்க.

சிஎம்சில ஹீமோபிலியாக்கு ஜீன் மாத்தி வைத்தியம் பண்ணாங்கன்னு பேப்பர்ல வந்துச்சே, அது இதான் ஆ?

இதே தான். நோயாளியோட ரத்தம் உண்டாக்கற ஸ்டெம் செல்லுங்கள வெளிய எடுத்து, லென்டிவைரஸ்னு ஒரு வகை வைரஸ நோய் பண்ண முடியாத மாதிரி மாத்தி, அது மூலமா ஃபாக்டர் 8 ஜீன அந்த செல்லோட டிஎன்ஏக்குள்ளயே சேத்து விட்டாங்க. அப்புறம் கீமோ மருந்து குடுத்து எலும்பு மஜ்ஜைல எடம் உண்டாக்கி அந்த செல்லுங்கள திருப்பி ஏத்துனாங்க. கடுமையான நோய் இருந்த 5 பேருக்கு பண்ணி, அதுக்கு அப்புறம் யாருக்கும் ரத்தக்கசிவு வரலன்னு 2024 டிசம்பர்ல ஒரு பெரிய மருத்துவ இதழ்ல வந்துச்சு.

இதுல பாக்க வேண்டியது என்னன்னா, டாக்டருங்க சேத்தது ஜீன் மட்டும் தான். நகல் எடுத்தது அந்த செல்லோட நியூக்ளியஸ், கோத்தது அதோட ரைபோசோம், மடிச்சது வலைப்பின்னல், திருத்தி அனுப்பினது கோல்கி. இது எல்லாமே எல்லா ஸ்டெம் செல்லுலயும், அதுல இருந்து வர்ற வெள்ளை அணுக்கள்லயும் ஏற்கனவே இருக்கு. இந்த ஒரு செய்திய நல்லா புரிஞ்சிகிட்டா அஞ்சு மார்க் கேள்வி தானா எழுதிடலாம்.

செல் சவ்வுல ஏன் எண்ணெய் இருக்கு? தண்ணி எப்படி உள்ள போவுது?

பாஸ்போலிப்பிட்ங்கற கொழுப்பு ரெண்டு அடுக்கு, வால் பக்கம் எண்ணெய் தன்மை, அது ஒண்ண ஒண்ணு பாத்து உள் பக்கம் ஒளிஞ்சிக்கும், தலை பக்கம் தண்ணிய பாத்து நிக்கும். மொத்த தடிமனே 7, 8 நானோமீட்டர். அதுல புரோட்டீனுங்க மெதந்துட்டு நகந்துட்டு இருக்கும்னு சிங்கரும் நிக்கல்சனும் 1972ல சொன்னாங்க. எண்ணெய் நடுவுல இருக்கறதால உப்பு, சக்கரை மாதிரி தண்ணில கரையறது எதுவும் இஷ்டத்துக்கு தாண்ட முடியாது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு புரோட்டீன் வழி வேணும். தண்ணிக்கே தனி வழி இருக்கு, அக்வாபோரின், பீட்டர் ஆக்ரி கண்டுபிடிச்சாரு, 2003ல நோபல்.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது ஓஆர்எஸ். மே மாசம் வேலூர் வெயில்ல பசங்களுக்கு வயித்தால போச்சுன்னா தண்ணிய மட்டும் குடுத்தா ஏன் பத்தாது? குடல் செல்லோட சவ்வுல ஒரு புரோட்டீன் இருக்கு, அது சோடியம் ரெண்டு, குளுக்கோஸ் ஒண்ணு, சேத்து தான் உள்ள விடும். ரெண்டும் ஒண்ணா இருந்தா கதவு தெறக்கும், அது பின்னாடியே தண்ணி இழுத்துட்டு போவும். வயித்துப்போக்குலயும் இந்த வழி கெடறதில்ல, அதான் ஓஆர்எஸ் வேலை செய்யறதுக்கு காரணமே. உலக சுகாதார நிறுவனம் சொல்ற பாக்கெட்ல உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9, இது ஒரு லிட்டருக்கு. அதனால பெத்தவங்களுக்கு சொல்றேன், பாக்கெட்ட பிரிச்சு ஒரு டம்ளர்ல பாதி கொட்டி கண்ணளவுல கலக்காதீங்க, பாக்கெட் மேல எத்தன தண்ணின்னு போட்டிருக்கோ அத்தன தண்ணில முழுசா கலக்குங்க. சக்கரை கூடி போனா தண்ணி செல்லுக்குள்ள போறதுக்கு பதிலா செல்லுல இருந்து குடல் குழிக்குள்ள இழுக்கும், கூல்டிரிங்க்ஸ் குடுத்தா வயித்தால போறது அதிகமாறது இதனால தான்.

மைட்டோகாண்ட்ரியா பவர்ஹவுஸ்னு எழுதினா மார்க் வருமா?

வரும், ஆனா அதோட நிறுத்தாதீங்க. சாப்பாட்டுல இருந்து வர்ற குளுக்கோஸ சைட்டோபிளாசத்துலயே பாதியா ஒடச்சு 2 ஏடிபி (செல்லு செலவு பண்ற சக்தி மூலக்கூறு) எடுக்கறோம், அதுக்கு ஆக்சிஜன் வேண்டாம். மிச்சத்த மைட்டோகாண்ட்ரியாக்குள்ள ஆக்சிஜனோட எரிச்சா தான் 30க்கு மேல வரும், புத்தகத்துல 36 இல்ல 38ன்னு இருக்கும், பரீட்சைக்கு அத எழுதுங்க, இப்ப அளந்து சொல்றது 30ல இருந்து 32. உள் சவ்வு ஏன் மடிப்பு மடிப்பா இருக்கு? அந்த சவ்வுல தான் ஏடிபி செய்யற புரோட்டீனுங்க இருக்கு, மடிப்பு அதிகமானா எடம் அதிகம். சவ்வுக்கு ஒரு பக்கம் புரோட்டான சேத்து வெச்சு, அது திரும்பி வர்ற வேகத்துல தான் ஏடிபி உண்டாவுதுன்னு சொன்ன பீட்டர் மிட்செலுக்கு 1978ல நோபல்.

இதுக்குன்னு தனி டிஎன்ஏ இருக்கு, வட்டமா, 16,569 எழுத்து, 37 ஜீன், அம்மா கிட்ட இருந்து மட்டும் தான் வருது. தனி ரைபோசோமும் இருக்கு, அது பாக்டீரியாவோடத ஒத்து இருக்கும். ஒரு காலத்துல தனியா வாழ்ந்த பாக்டீரியா தான் உள்ள வந்து தங்கிடுச்சுன்னு லின் மார்குலிஸ் 1967ல எழுதினாங்க, அப்ப யாரும் ஏத்துக்கல, இன்னிக்கு எல்லா புத்தகத்துலயும் இருக்கு.

சிவப்பணுல மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. ஆக்சிஜன சுமந்துட்டு போறது, ஆனா வழில தானே எடுத்து செலவு பண்றதில்ல.

லைசோசோம்னா தற்கொலைப் பைன்னு மட்டும் படிச்சா போதுமா?

போதாது. தினமும் அது செய்யற வேலை செரிக்கறது. உள்ள அமிலம், அந்த அமிலத்துல மட்டும் வேலை செய்யற என்சைம் 50க்கு மேல. பழுதான மைட்டோகாண்ட்ரியா, வெளிய இருந்து விழுங்கின கிருமி, எல்லாத்தையும் ஒடச்சு திருப்பி பயன்படுத்த குடுக்குது. ஒரே ஒரு என்சைம் இல்லன்னா கூட செரிக்காதது சேந்துகிட்டே போய் செல்லு கெட்டுடும், கோஷர் நோய்ல கல்லீரல் மண்ணீரல் வீங்கறது அப்படித்தான். கண்டுபிடிச்ச டி டூவ் 1974ல பலாடே, கிளாட் கூட நோபல் வாங்கினாரு.

காட்பாடிக்கு பக்கத்துல கரிகிரி ஆஸ்பத்திரி எல்லாருக்கும் தெரியும், 1955ல தொழுநோய்க்காகவே ஆரம்பிச்சது. தொழுநோய் பாக்டீரியாவ நம்ம வெள்ளை அணு விழுங்கும், விழுங்கின பை லைசோசோமோட சேந்தா கிருமி செத்துடும். ஆனா இந்த கிருமி அந்த ரெண்டும் சேர விடாம தடுத்துட்டு உள்ளயே வாழுது. அது இன்னொரு எடத்துலயும் போய் தங்குது, நரம்ப சுத்தி இருக்கற ஷ்வான் செல்லு, மேல சொன்னேன் இல்ல 1839 ஷ்வான், அவரு பேரு தான். அந்த செல்லு கெட்டா நரம்பு கெடும், நரம்பு கெட்டா உணர்ச்சி போவும், சூடு தெரியாம கை வெந்து போவும், விரல் போறது அதனால தான், கிருமி விரல தின்னறதில்ல. சீக்கிரம் மாத்திர ஆரம்பிச்சா முழுசா குணமாகும், தொட்டா ஒட்டிக்கும்னு இன்னமும் ஒதுக்கி வெக்கறவங்க இருக்காங்க, அது எனக்கு தாங்க முடியாத விஷயம்.

செடி செல்லுல மட்டும் இருக்கறது எது? வாக்குவோல் வெறும் தண்ணி பை தானே?

சுவர், பசுங்கணிகம் (வெளிச்சத்த வெச்சு சாப்பாடு செய்யற பச்சை பார்ட்), பெரிய வாக்குவோல். மைட்டோகாண்ட்ரியா செடிலயும் உண்டு, இத தப்பா எழுதறவங்க ரொம்ப பேரு.

வாக்குவோல் வெறும் தண்ணி இல்ல. இத சமையக்கட்டுலயே பாக்கலாம். நம்ம இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் ஒண்ணு எடுங்க, புவிசார் குறியீடு வாங்கினதே அது. தோலோட ஊதா நிறம் வாக்குவோல் தண்ணில கரைஞ்சிருக்கற சாயம். இப்ப அத குறுக்க வெட்டி அப்படியே வைங்க, வெள்ளையா இருக்கற சதை கொஞ்ச நேரத்துல பழுப்பாகும், வெதை இருக்கற பக்கம் நல்லா தெரியும். ஏன்? வாக்குவோல்ல பீனால் பொருளுங்க இருக்கு, அத பழுப்பாக்கற என்சைம் கணிகம்ங்கற வேற ஒரு பைக்குள்ள இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல சவ்வு இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆவாது. கத்தி பட்டு சவ்வு கிழிஞ்ச உடனே ரெண்டும் கலந்து, காத்துல இருக்கற ஆக்சிஜனும் சேந்து நிறம் மாறுது. பிரியாணிக்கு எண்ணெய் கத்தரிக்கா பண்றவங்க வெட்டின உடனே தண்ணில போடறாங்களே, ஆக்சிஜன் சேராம தடுக்கறது தான் அது, புளித்தண்ணில போட்டா அமிலத்துல என்சைமே மந்தமாயிடும். செல்லுக்குள்ள ஏன் இத்தன தடுப்பு, ஏன் இத்தன பைன்னு கேக்கற பசங்களுக்கு நான் கத்தரிக்கா வெட்டி தான் காட்டுவேன், ஒண்ணோட ஒண்ணு சேரக்கூடாதத பிரிச்சு வெக்கறது தான் சவ்வோட வேலை.

ஆம்பூர், ராணிப்பேட்டைல தோல் பதனிடறாங்களே, அந்த தோல்ல செல்லு இருக்குமா?

இத கேட்டது வாணியம்பாடில இருந்து வந்த ஒரு பொண்ணு, ரொம்ப நல்ல கேள்வி. உயிருள்ள செல்லு இல்ல. சுண்ணாம்புல ஊற வெச்சு முடியையும் மேல் தோல் செல்லுங்களையும் எடுத்துடுவாங்க, கடைசில லெதர்னு நம்ம கைல இருக்கறது பெரும்பாலும் கொலாஜன்ங்கற புரோட்டீன் நாரு. அந்த கொலாஜன செஞ்சது ஃபைப்ரோபிளாஸ்டுன்னு ஒரு செல்லு, அதுவும் ஃபாக்டர் 8 போன அதே வழி தான், வலைப்பின்னல், கோல்கி, வெளிய. மூணு இழை முறுக்கிட்டு ஒரு நாரா நிக்கும், அந்த அமைப்ப 1954ல மெட்ராஸ் யுனிவர்சிட்டில இருந்து ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சொன்னாங்க. குரோம் உப்பு போட்டா அந்த நாருங்க ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சு அழுகாம, சூடுல சுருங்காம நிக்குது.

இன்னொண்ணு, வலைப்பின்னலுக்குள்ள கொலாஜன் சரியா முறுக்கணும்னா விட்டமின் சி வேணும். அது இல்லன்னா ஈறுல ரத்தம் வரும், ஸ்கர்வி. நெல்லிக்காய்க்கும் செல்லுக்கும் தொடர்பு அங்க இருக்கு.

சென்ட்ரியோல், மைக்ரோடியூபுல் எல்லாம் எதுக்கு?

செல்லு பிரியறப்ப குரோமோசோம இழுத்து ரெண்டு பக்கம் கொண்டு போறது மைக்ரோடியூபுல்ங்கற மெல்லிசு குழாய்ங்க. விலங்கு செல்லுல அத ஒழுங்கு பண்ற எடத்துல சென்ட்ரியோல் இருக்கு. நம்ம மாநிலப் பூ செங்காந்தள், அதோட கிழங்கு விதைல இருக்கற கோல்ச்சிசின் இந்த மைக்ரோடியூபுல் கட்ட விடாது, அதான் அது விஷம், அளவா குடுத்தா வாத வலிக்கு மருந்து. நித்தியகல்யாணில இருந்து எடுக்கற வின்கிறிஸ்டினும் இதே எடத்துல தான் அடிக்குது, ரத்தப் புத்துநோய்க்கு குடுக்கறாங்க, வேகமா பிரியற செல்லு நடுவுலயே நின்னுடும். ரெண்டு செடியும் வீட்டுல யாரும் வாயில வெச்சிடாதீங்க.

பரீட்சைல எங்க தப்பு பண்றாங்க?

ரைபோசோமுக்கு சவ்வு இருக்குன்னு எழுதறது. வெங்காயத் தோல் படத்துல பசுங்கணிகம் வரையறது, வெங்காயம் மண்ணுக்குள்ள இருக்கு, அந்த தோல்ல பச்சையே இல்ல. பாக்டீரியாவுக்கு நியூக்ளியஸ் போடறது. ரைபோசோம் ஒட்டாத மழமழ வலைப்பின்னல்ல புரோட்டீன் செய்யறாங்கன்னு எழுதறது, அங்க கொழுப்பு செய்யறாங்க, மருந்து விஷம் முறிக்கறாங்க, ஈரல் செல்லுல அதிகம். டயகிராம பென்சில்ல கூர்மையா போடுங்க, கோடு எந்த பார்ட்ட தொடணுமோ அத தொட்டே நிக்கணும்.

ஸ்கூல்ல மைக்ராஸ்கோப் பெட்டிலயே இருக்கு. வெங்காயத்துல ஒண்ணுமே தெரியலங்கறாங்க.

வெங்காய இதழ உள் பக்கமா மடிச்சு ஒடச்சா கண்ணாடி மாதிரி ஒரு ஜவ்வு உரிஞ்சு வரும், அது ஒரே செல் அடுக்கு. அது மடிஞ்சா ஒண்ணும் தெரியாது, தண்ணி சொட்டுல விரிச்சு போடுங்க. அயோடின் ஒரு சொட்டு, கவர் கண்ணாடிய சாய்ச்சு மெதுவா எறக்குங்க, தட்டுன்னு போட்டா காத்துக்குமிழ் வந்துடும், கருப்பு வளையமா தெரியற அந்த குமிழ செல்லுன்னு வரைஞ்சு வர்றவங்க நெறைய. மொதல்ல சின்ன லென்ஸ்ல கண்டுபிடிச்சு அப்புறம் பெருசுக்கு மாத்துங்க. செங்கல் அடுக்குன மாதிரி வரிசை, ஒவ்வொண்ணுலயும் ஓரமா ஒரு மஞ்சள் உருண்டை, நியூக்ளியஸ். ஏன் ஓரத்துல? நடுவுல முழுக்க வாக்குவோல் அடைச்சிட்டு இருக்கு, அது தள்ளி வெச்சிருக்கு.

கடைசியா ஒண்ணு மிஸ், ஜீன் வைத்தியம் பண்ணவருக்கு பொறக்கற புள்ளைக்கும் அந்த நல்ல ஜீன் போவுமா?

போவாது. மாத்தினது ரத்தத்த உண்டாக்கற செல்லுல மட்டும், விந்து செல்லுல கை வெக்கல. ஹீமோபிலியா ஏ எக்ஸ் குரோமோசோம்ல வர்றது, அதனால அப்பாவுக்கு நோய் இருந்து அம்மா கிட்ட கெட்ட ஜீன் இல்லன்னா பையனுக்கு நோய் வராது, அவன் அப்பா கிட்ட வாங்கறது ஒய். பொண்ணுங்க எல்லாரும் அப்பாவோட அந்த எக்ஸ வாங்கிடுவாங்க, பெரும்பாலும் அவங்களுக்கு பெருசா தொந்தரவு இருக்காது, ஆனா அவங்களுக்கு பொறக்கற பையனுக்கு வர பாதிக்கு பாதி வாய்ப்பு இருக்கு. அதனால வீட்டுல தாத்தாவுக்கோ மாமாவுக்கோ ரத்தம் நிக்காத வியாதி இருந்திருந்தா, பொண்ணுக்கு கல்யாணம் ஆகி மாசமாகறதுக்கு முன்னாடியே டாக்டர் கிட்ட அத சொல்லி டெஸ்ட் பண்ணிக்குங்க.